கவியின் கனவும் ஒரு ராஜகுருவும் – மேடை நடிகர் எம்.என்.நம்பியார்

எம்.என்.நம்பியார் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு, கண்ணை உருட்டி, ஒரு கள்ளச் சிரிப்பு! கடைசி ரீலில் எம்.ஜி.ஆரிடம் வாங்கும் அடி! டி.வி.யில் பழைய படம் போட்டால் இன்றும் அதே நம்பியார்தான்.

ஆனால் வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு தலைமுறை அவரை வேறு விதமாக அறிந்திருந்தது. திரையில் வில்லனாகப் பெயர் எடுப்பதற்கு முன்பே, பெட்ரோமாக்ஸ் வெளிச்சக் காலத்தின் மேடை நடிகராக அறிந்திருந்தது. நம்பியாரின் உண்மையான பள்ளிக்கூடம் மேடைதான். சோகம் என்னவென்றால், அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் எழுதிய பரீட்சைத் தாள் ஒன்றுகூட நம்மிடம் இல்லை!

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி கேரளத்துக் கண்ணூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து ஊட்டிக்கு வந்தார். பதிமூன்று வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் 'தேவி பால வினோத சங்கீத சபா'வில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து 'பாய்ஸ் கம்பெனி' என்பது பாதி குருகுலம், பாதி தொழிற்சாலை. சிறுவர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம் கம்பெனியே தரும். பகலில் பாட்டும் வசனமும் ஒத்திகை, இரவில் நாடகம். பெண் வேடத்தையும் பையன்களே போடுவார்கள். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் சீன், படுதா, பெட்டிகளை எல்லாம் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். டிக்கெட் விற்றால்தான் அடுத்த வேளைச் சோறு என்பதால், பார்ப்பவர்களைக் கவரத் தெரியாத நடிகன் அங்கே நிலைக்க முடியாது.

இந்தக் கம்பெனியின் 'ராமதாஸ்' நாடகத்தில் நவாப் வேடம் போட்டதால்தான் ராஜமாணிக்கத்துக்கு 'நவாப்' என்ற பட்டமே வந்தது. அதே கதை 1935-இல் 'பக்த ராமதாஸ்' என்று படமானபோது, அதில் ஒரு நகைச்சுவை வேடம் நம்பியாருக்குக் கிடைத்தது. ஆம், பிற்காலத்து மகா வில்லனின் முதல் பட வேடம் சிரிக்க வைக்கும் வேடம்!

ஆனாலும் அவர் உடனே சினிமாவுக்கு ஓடிவிடவில்லை. பல ஆண்டுகள் மேடையிலேயே இருந்தார். 1940-களில் சக்தி நாடக சபா, எஸ்.டி.சுந்தரம் எழுதிய 'கவியின் கனவு' நாடகத்தை நடத்தியது. கொடுங்கோல் ஆட்சியை எதிர்த்து மக்களைத் தட்டி எழுப்பும் ஒரு கவிஞனின் கதை. கவிஞனாக எஸ்.வி.சுப்பையா. சூழ்ச்சிக்கார ராஜகுருவாக நம்பியார்.

இந்த நாடகம் நாகப்பட்டினத்தில் நடந்தபோது வந்த கூட்டம் சாதாரணமானது அல்ல. வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பதற்கென்றே சிறப்பு ரயில் விடப்பட்டது. அதற்குப் பெயர் 'கவியின் கனவு ஸ்பெஷல்'! ஒரு நாடகத்தின் பெயரில் ரயில் ஓடியது என்றால், அந்த நாடகத்துக்கு இருந்த மவுசுக்கு வேறு கணக்கு வேண்டுமா?

இந்த மவுசுக்குக் காரணம் நடிப்பு மட்டும்தானா? இந்த மண்ணையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தஞ்சை மாவட்டத்து ஊர்கள் வழியாக நடந்து வந்த தொண்டர்கள், ஏப்ரல் 30-ஆம் தேதி வேதாரண்யம் கடற்கரையில் உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று அரசாங்கம் மிரட்டியும் ஊர் மக்கள் சோறு போட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் நாடகத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் கொடுங்கோலன் யார், கவிஞன் யார் என்று அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியது இல்லை! ராஜகுருவை அவர்கள் வெறுக்க வெறுக்க, நம்பியார் ஜெயித்தார்.

மேடையில் போட்ட விதை திரையில் முளைத்தது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யில் மறுபடியும் ராஜகுரு வேடம். வசனம், வேதாரண்யத்துக்கு அருகே திருக்குவளையில் பிறந்த மு.கருணாநிதி. அதே ஆண்டு 'திகம்பர சாமியார்' படத்தில் கதாநாயகனாகப் பதினோரு தோற்றங்களில் வந்தார். மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரரான துரைசாமி ஐயங்காரின் நாவல் அது. ஒரே படத்தில் பதினோரு ஆளாக மாறும் திறமை எங்கிருந்து வந்தது? இரவுக்கு இரவு வேடம் மாறிய கம்பெனி வாழ்க்கையிலிருந்துதான்.

அதன்பிறகு 'சர்வாதிகாரி', 'நாடோடி மன்னன்', 'எங்க வீட்டுப் பிள்ளை', 'ஆயிரத்தில் ஒருவன்' என்று வில்லன் முத்திரை அழுத்தமாக விழுந்துவிட்டது. 1982-இல் பாக்யராஜின் 'தூறல் நின்னு போச்சு' படத்தில் நல்லவராக வந்தபோது ரசிகர்கள் வியந்து ரசித்தார்கள். முதுமையில் சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் மேடையை மறக்கவில்லை. 'நம்பியார் நாடக மன்றம்' என்று சொந்தமாகக் குழு வைத்திருந்தார். அது நடத்திய நாடகங்களில் ஒன்று 'கல்யாண சூப்பர் மார்க்கெட்' என்ற நகைச்சுவை. இன்னொன்று எது தெரியுமா? அதே 'கவியின் கனவு'!

திரையில் எல்லாக் கெடுதலும் செய்தவர், வாழ்க்கையில் மதுவைத் தொடாதவர், சைவ உணவுக்காரர். ஐயப்ப பக்தியும் நவாப் கம்பெனித் தொடர்பில் வந்ததுதான். பல்லாண்டுகள் சபரிமலைக்குச் சென்று 'மகா குருசாமி' என்று மதிக்கப்பட்டவர், 2008-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி, பக்தர்கள் மாலை போடும் கார்த்திகை மாதத் தொடக்கத்திலேயே மறைந்தார்.

அவர் நடித்த படங்கள் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ரயில் ஏறி வந்து மக்கள் பார்த்த அந்த ராஜகுருவை இனி யாராலும் பார்க்க முடியாது. மேடை நாடகம் உப்பளத்துத் தண்ணீர் மாதிரி. வெயில் ஏற ஏற மறைந்துவிடும். மிஞ்சும் உப்பு, பார்த்தவர்களின் நினைவுதான். அந்த ராஜகுருவைப் பார்த்தவர்கள் இன்று எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். வீட்டுத் திண்ணையில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்!