அப்லேஷனுக்கு முன் எடையை மட்டும் பார்த்தால் போதுமா? ஊட்டச்சத்து ஏன் முக்கியம்?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதயத் துடிப்பு சீராக இல்லை, அப்லேஷன் செய்யணும் என்று டாக்டர் சொன்னால், நாம் முதலில் கேட்பது செலவு எவ்வளவு, ரிஸ்க் என்ன, எத்தனை நாள் அட்மிஷன் என்பதைத்தான். 'அவங்க சரியா சாப்பிடறாங்களா?' என்ற கேள்வி பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஆனால் சிகிச்சையின் பலனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

அப்லேஷன் என்றால் என்ன?

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பதுதான் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன். இது பக்கவாத ஆபத்தை அதிகரிக்கும். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, தவறான மின் தூண்டல் பரவும் பாதையை வெப்பத்தாலோ குளிராலோ அடைப்பதே கதீட்டர் அப்லேஷன். சிலருக்கு இதற்குப் பிறகும் பிரச்னை திரும்ப வரலாம்.

எடையைக் குறைத்தால் பலன் உண்டா?

உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த 'லெகசி' ஆய்வு 2015-ல் வெளியானது. உடல் எடை அதிகமாக இருந்த 355 ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் நோயாளிகளை அது பின்தொடர்ந்தது. 10% அல்லது அதற்கு மேல் எடை குறைத்தவர்களுக்குத் துடிப்பு சீராக நீடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு அதிகம். ஆனால் எடை 5%-க்கு மேல் ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பலன் குறைந்தது. அதனால் ஆபரேஷனுக்கு முன் அவசர டயட் சரிவராது.

அப்போ ஒல்லியாக இருந்தால் நல்லதா?

அப்படிச் சொல்ல முடியாது. வயதானவர்களிடம் ஒல்லி என்பது தசை கரைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். குண்டாக இருப்பவருக்கும் புரதக் குறைபாடு இருக்கலாம். இதைக் கணிக்க 'கோனட்' என்ற மதிப்பெண் முறை உண்டு. ரத்தத்தில் உள்ள அல்புமின், கொலஸ்ட்ரால், லிம்போசைட் அளவுகளை வைத்து 0 முதல் 12 வரை மதிப்பெண் தருவார்கள். 0-1 என்றால் இயல்பு, 9 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான குறைபாடு. அல்புமின் குறைய சாப்பாடு மட்டுமே காரணமல்ல. கல்லீரல், சிறுநீரக நோய், உடலில் அழற்சி ஆகியவற்றாலும் குறையும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* கடந்த 6 மாதத்தில் தானாகவே எடை குறைந்திருந்தால், பசி குறைந்திருந்தால் சொல்லுங்கள்.
* அல்புமின், பொட்டாசியம், மெக்னீசியம் அளவு பார்த்தாச்சா என்று கேளுங்கள். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் துடிப்பு தடுமாறும்.
* வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென அதிகமாக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.
* சிறுநீரகப் பிரச்னை இருந்தால் புரோட்டீன் பவுடரை நீங்களாகவே வாங்கித் தராதீர்கள்.

அவசரமில்லாத சிகிச்சை என்றால், காத்திருக்கும் சில வாரங்களை ஒரு டயட்டீஷியனைப் பார்க்கப் பயன்படுத்தலாம். அவசரம் என்றால், சாப்பாட்டைக் காரணம் காட்டி சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.