நடையும் சமூகமும்: நாவலர் முதல் டானியல் வரை

இலக்கிய நடையை எழுத்தாளனது தனியாளுமையின் வெளிப்பாடாக மட்டும் காணும் போக்கு நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மேனாட்டில் 1753இல் பிரெஞ்சுக் கழகத்திலே பியூஃபோன் நிகழ்த்திய உரை இக்கருத்துக்குப் பெருஞ் செல்வாக்கை அளித்தது. இதிலுள்ள உண்மையை நாம் மறுக்கவில்லை. சொல்லைத் தெரிபவன் எழுத்தாளனே. ஆனால் எச்சொற்களிலிருந்து அவன் தெரிகிறான், யாருக்காகத் தெரிகிறான், எவற்றைத் தெரிய அவனுக்கு அனுமதி உண்டு என்னும் வினாக்களுக்குத் தனியாளுமை விடை தராது. அவ்விடைகளை வரலாற்றிலேயே தேடவேண்டும். ஈழத்துத் தமிழ் உரைநடையின் இரு கட்டங்களை எடுத்துக்கொண்டு இதனை நோக்குவோம்.

முதலாவது கட்டம் ஆறுமுக நாவலருடையது (1822-1879). பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவிய நாவலர், மிசனரிமாரின் பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம் என்னும் மூன்று சாதனங்களின் வலிமையையும் நேரிற் கண்டவர். 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; பின்னர் அச்சுக்கூடமும் அமைத்தார். 1852இல் பெரியபுராண வசனம் வெளிவந்தது. சந்திகளை இயன்றவரை பிரித்தல், நிறுத்தக் குறிகளை இடுதல், இலக்கண வழுவின்றி எளிமையாகக் கூறுதல் ஆகிய அவரது நடைப்பண்புகள் இச்சாதனங்களோடு பிரிக்கவொண்ணாத தொடர்புடையவை. ஓலைச்சுவடியைக் குருவின் துணையுடன் கற்றவனுக்கு இவை வேண்டியிருக்கவில்லை. அச்சுப் புத்தகத்தைத் தனித்திருந்து வாசிக்கும் புதிய வாசகனுக்கே இவை தேவைப்பட்டன. பாலபாடங்களின் நடை வேறாகவும் கண்டனங்களின் நடை வேறாகவும் அமைந்தமை, நடை நோக்கத்தைப் பின்தொடர்வது என்பதற்குப் பிறிதொரு சான்றாகும்.

எனினும் இந்த எளிமைக்கு ஓர் எல்லை இருந்தது. நாவலரின் சீர்திருத்தம் சைவ வேளாள மேன்மையைக் கேள்விக்குட்படுத்தவில்லை. அவர் வளர்த்த உரைநடை கற்றோர் வட்டத்தை விரித்தது; கல்வி மறுக்கப்பட்டோரின் பேச்சுக்கு அங்கு இடமிருக்கவில்லை. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் தொல்காப்பிய மரபியற் கருத்து, அச்சு யுகத்திலும் புதிய வடிவத்தில் உயிர்வாழ்ந்தது எனலாம்.

இரண்டாவது கட்டத்தின் பகைப்புலம் வேறு. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியின் பரவலும் புதியதோர் எழுத்தாளர் குழாத்தையும் வாசகர் குழாத்தையும் உருவாக்கின. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் பல்கலைக்கழகத்தின் வழியாக அன்றித் தொழிற்களத்தின் வழியாகவே இலக்கியத்துக்கு வந்தனர். கதைமாந்தர் தத்தம் பேச்சு மொழியிற் பேசத் தொடங்கியதும், 1960களின் முற்பகுதியில் மரபுவாதிகள் அதனை இழிசனர் வழக்கு எனச் சாடினர். இது வெறும் இலக்கணத் தகராறு அன்று. அச்சிலே பேசும் உரிமை யாருக்குரியது என்பதே அதன் உட்பொருள். பின்னாளில் கோயில் வாயிலிலும் தேநீர்க் கடையிலும் நேரடியாக நடந்த போராட்டம், முன்னதாகவே சொல்லின் வாயிலில் தொடங்கிவிட்டது.

பேச்சு வழக்கு இவ்வெழுத்தாளருக்கு ஏன் இன்றியமையாததாயிற்று? யாழ்ப்பாணத் தமிழில் முன்னிலை ஒருமைக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் வழங்குகின்றன. வா, வாரும், வாருங்கோ என ஏவலும் அவ்வாறே படிப்படியாக அமைகின்றது. நயினார், நாச்சியார், கமக்காரன் என்னும் விளிகள் சாதிய உற்பத்தி உறவை நாவிலேயே பொறித்து வைத்திருப்பவை. உரையாடலைச் செந்தமிழாக்கி எல்லோரையும் ஒரே மொழியிற் பேசவைத்தால், இப்படிநிலை முழுவதும் மறைந்துவிடும். ஒடுக்குமுறை நாகரிகமான உரையாடலாகத் தோற்றும். நயினார் என்று அழைத்தவன் ஒருநாள் அவ்வாறு அழைக்க மறுப்பானாயின், அம்மறுப்பு ஓர் அரசியல் நிகழ்ச்சியாகும். அதனைக் காட்டக்கூடிய நடை பேச்சு வழக்கை உட்கொண்ட நடையே. 1960களின் பிற்பகுதியில் எழுந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களைப் பகைப்புலமாகக் கொண்டு, 1972இல் வெளிவந்த டானியலின் 'பஞ்சமர்' நாவல் இவ்வுண்மையை வலியுறுத்தி நிற்கின்றது.

இங்கு இயந்திரரீதியான முடிவொன்றைத் தவிர்த்தல் அவசியம். பேச்சு வழக்கைக் கையாள்வதே முற்போக்கு நடை என்று கூறுவதற்கில்லை. முற்போக்கு அணியிலிருந்து விலகி நற்போக்குக் கோட்பாட்டை முன்வைத்த எஸ். பொன்னுத்துரை, 'சடங்கு' நாவலில் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கை மிகுந்த ஆற்றலோடு பயன்படுத்தினார். அங்கு அது மத்தியதர வர்க்க இல்வாழ்க்கையின் அகமுரண்களை வெளிக்கொணரும் கருவியாயிற்று. டானியலிடம் அதே வழக்குச் சமூக மோதலின் களமாயிற்று. மூலப்பொருள் ஒன்று, நடை இரண்டு. இவ்வேறுபாட்டைத் தோற்றுவிப்பது எழுத்தாளனின் உலக நோக்காகும். எனவே சமூகம் நடைக்குரிய மூலப்பொருளையும் எல்லையையும் தருகின்றது; அவற்றினுள் நின்று தெரிந்தெடுப்பதும், சில வேளைகளில் எல்லையையே மீறுவதும் எழுத்தாளனின் செயல். தனியாளுமை என நாம் குறிப்பிடுவது இச்செயலையே.

இன்னுமொன்று ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. டானியலின் நாவல்களிற் கூட, மாந்தர் பேச்சு வழக்கில் உரையாட, கதைக்கூற்றுப் பெரும்பாலும் எழுத்துத் தமிழிலேயே நடைபெறுகின்றது. ஒடுக்கப்பட்டோர் மேற்கோட் குறிகளுக்குள்ளே பேசும் உரிமையைப் பெற்றனர். அக்குறிகளுக்கு வெளியே, கதையை நடத்தும் குரல் இன்னும் கற்றோர் குரலாகவே இருந்தது. இதனை அவரது குறைபாடாகக் கொள்வது வரலாற்றுப் பார்வையாகாது. நாவலர் வழிவந்த உரைநடையின் அதிகாரம் அதனை எதிர்த்தோரையும் எத்துணை ஆழமாகப் பற்றியிருந்தது என்பதையே இது காட்டுகின்றது.

நடையியல் ஆய்வு சொல்லெண்ணிக்கையோடும் அணிகளின் பட்டியலோடும் நின்றுவிடலாகாது. ஒரு வாக்கியத்தை யார், யாரை நோக்கி, எந்த அதிகாரத்தோடு கூறுகின்றனர் என்று வினவும்போதே நடை வரலாறாகின்றது. நமது பாடநூல்களும் வகுப்பறைகளும் எந்த நடையை நல்ல தமிழென ஏற்கின்றன, எதனைத் திருத்தி எழுதப் பணிக்கின்றன என்பதையும் இவ்வினாவுக்கு உட்படுத்துதல் ஆய்வாளரின் கடமையாகும்.