இரு ரூபாக்களும் ஊவாத் தோட்டத் தொழிலாளரும்

நாணய மாற்று வீதம் வங்கியாளருக்கும் ஏற்றுமதி வணிகருக்கும் மட்டுமே உரிய விடயம் எனக் கருதுவோர் உளர். பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் பெருந்தோட்ட வரலாற்றை நோக்குவோர்க்கு இக்கருத்து ஏற்புடையதாகத் தோன்றாது. இலங்கை ரூபாவுக்கும் இந்திய ரூபாவுக்கும் இடையே நிலவிய உறவு, அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளரின் கடனையும் சேமிப்பையும் பல தலைமுறைகளாக நிர்ணயித்து வந்துள்ளது. அவ்வுறவின் முக்கிய கட்டங்களைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1872 சனவரி 1 முதல் நூறு சதம் கொண்ட ரூபா இலங்கையின் கணக்கு நாணயமாயிற்று. அது இந்திய வெள்ளி ரூபாவே. ஆயின் கோப்பியும் பின்னர் தேயிலையும் இலண்டனில் பவுணுக்கே விற்கப்பட்டன. 1869இல் மடுல்சீமையில் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலத்திலேயே உலகச் சந்தையில் வெள்ளியின் விலையும் வீழ்ந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு சிலிங் பெறுமதியுடையதாயிருந்த ரூபா, 1892 அளவில் ஒரு சிலிங் மூன்று பென்சுக்கு இறங்கிற்று. இதன் பொருள் யாது? நூறு ரூபா கூலி வழங்க முன்னர் பத்துப் பவுண் தேவைப்பட்டது; பின்னர் ஆறே கால் பவுண் போதுமானதாயிற்று. கூலியில் ஒரு சதமும் குறைக்காமலே கூலிச் செலவு பவுண் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 1893இல் இந்திய நாணயசாலைகள் வெள்ளிக்கு மூடப்பட்டு, பின்னர் ரூபா ஒரு சிலிங் நான்கு பென்சில் நிலைநிறுத்தப்பட்டபோதும் பழைய மதிப்பு மீளவில்லை.

தொழிலாளர் அறிந்தது ரூபாக்களின் சமமதிப்பை மட்டுமே. தமிழகக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணம் எத்தனை ரூபாவோ, அத்தனை ரூபாவே தோட்டத்துக் கணக்கிற் கடனாக ஏறியது. சில்லறை மட்டும் வேறுபட்டது: இந்தியாவில் ரூபாவுக்குப் பதினாறு அணா, இங்கு நூறு சதம். சமமதிப்பு கடல் கடந்து பணம் அனுப்புதலை எளிதாக்கியது; கடல் கடந்து கடன் தொடர்தலையும் அதேயளவு எளிதாக்கியது. அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதம் விதிக்கப்பட்டது. இந்தியக் கணக்கில் அது எட்டரை அணாவுக்குச் சற்று மேல்.

1947இல் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் நாணய விதிச் சட்டம் நிறைவேறியது. 1950 ஆகத்து 28இல் மத்திய வங்கி தொடங்கப்பட்டது. இலங்கை ரூபா இந்திய ரூபாவிலிருந்து பிரிந்து தனி நாணயமாயிற்று. நாணயத்தைப் பிரித்தபோது அதன் தங்க மதிப்பு நுணுக்கமாக வரையறுக்கப்பட்டது. மக்களைப் பிரித்தபோது அத்தகைய கவனம் காட்டப்படவில்லை. பிரிவின் பின்னரும் டொலர் ஒன்றுக்கு 4.76 என்ற ஒரே வீதத்தில் இரு ரூபாக்களும் சமமாகவே நின்றன.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் என வகுத்தது. திரும்புவோர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளை எடுத்துச் செல்லலாம் என்றும், குடும்பமொன்றுக்கான உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழ் குறைக்கப்படலாகாது என்றும் அது கூறிற்று. அப்போது அத்தொகை இந்தியாவிலும் 4,000 ரூபாவே. 1966 சூன் 6இல் இந்தியா தன் நாணயத்தை டொலருக்கு 7.50 என மதிப்பிறக்கிற்று. உத்தியோகபூர்வ வீதப்படி அதே 4,000 இலங்கை ரூபா 6,300 இந்திய ரூபாவாயிற்று. 1967 நவம்பர் 22இல் இலங்கையும் டொலருக்கு 5.95 என மதிப்பிறக்கவே அது 5,040ஆகக் குறைந்தது. அக்காலத்து இந்திய வறட்சியும் விலையேற்றமும் இக்கூடுதலின் ஒரு பகுதியை விழுங்கின என்பதையும் மறத்தலாகாது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967ஆம் ஆண்டுக்குரியது. பெருமளவிலான பயணம் அதன் பின்னரே தொடங்கிற்று. ஆகவே சாதகமான வீதம் நிலவிய பதினேழு மாதங்கள் பெரும்பாலானோருக்குப் பயன்படாமலே கழிந்தன.

1968 மே மாதத்தில் அறிமுகமான செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வேறொரு வகையில் தோட்டத்துறையைத் தாக்கிற்று. சிறு ஏற்றுமதிகளுக்கு மேலதிகக் கொடுப்பனவு கிடைத்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவை உத்தியோகபூர்வ வீதத்திலேயே கணக்கிடப்பட்டன. தொழிலாளி பறித்த கொழுந்து ஈட்டிய டொலர், பிறர் ஈட்டிய டொலரைவிடக் குறைந்த ரூபாவையே தோட்டத்துக்குத் தந்தது. 1977 நவம்பரில் இரட்டை வீதமுறை கைவிடப்பட்டு டொலர் ஏறத்தாழ 16 ரூபாவானபோது, நூறு இலங்கை ரூபா இந்திய மதிப்பிற் பாதிக்குச் சற்றே மேற்பட்டதாயிற்று. நாலாயிரம் ரூபா இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. அவ்வேளையிலும் பதுளைப் புகையிரதத்தில் ஏறித் தலைமன்னார் வழியாக மண்டபம் நோக்கிச் சென்ற குடும்பங்கள் பலவாகும்.

ஒரே தோட்டத்தில், ஒரே நிரையில் உழைத்து, ஒரே தொகையைச் சேர்த்த இரு குடும்பங்கள், புறப்பட்ட ஆண்டு வேறுபட்டமையாலேயே இருவேறு நிலையில் இராமேஸ்வரத்தில் இறங்கின. அவ்வாண்டைத் தெரிவு செய்யும் வாய்ப்போ, வீதத்தை நிர்ணயிப்பதில் வாக்கோ அவர்களுக்கு இருக்கவில்லை. ஒப்பந்தம் இலங்கை ரூபாவில் ஒரு வரம்பைக் காத்தது. அதன் இந்தியப் பெறுமதியைக் காக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. மலையக மக்களின் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் கூலிப் பட்டியலோடு மாற்று வீத அட்டவணையையும் அருகில் வைத்து நோக்குதல் இன்றியமையாததாகும்.