நண்பர்களோடு பைக் ட்ரிப் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள்!

"மச்சான், இந்த வருஷமாவது கண்டிப்பா போறோம்டா" என்று தொடங்கிய வாட்ஸ்அப் குரூப் எல்லோர் போனிலும் ஒன்றாவது இருக்கும். 15 பேர் தம்ஸ்-அப் போடுவார்கள். கிளம்பும் நாளில் 6 பேர் வந்தாலே பெரிய விஷயம். அந்த 6 பேரும் பத்திரமாகப் போய், சண்டை போடாமல் திரும்பி வருவது அதைவிடப் பெரிய விஷயம்!

குரூப்பாக பைக் ஓட்டுவது தனியாக ஓட்டுவதில் இருந்து ரொம்பவே மாறுபட்டது. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று மணிக்கணக்கில் பேசுபவர்கள், யார் எந்த வேகத்தில் வருவார், யார் வண்டியை யார் ஓட்டுவார் என்பதைப் பேசுவதே இல்லை. சிக்கல் வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். சென்னையில் இருந்து கொல்லிமலை போகும் ஒரு குரூப்பை உதாரணமாக வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை நைட் கிளம்பலாமா?

ஆபீஸ் முடித்து, இரவு 10 மணிக்குக் கிளம்பி, விடியும்போது மலை அடிவாரத்தில் டீ குடிக்கலாம் என்பதுதான் பலரின் பிளான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நாள் முழுக்க வேலை பார்த்த உடம்பு அதிகாலை 2 மணிக்கு மேல் தூக்கத்தைக் கேட்கும். காரில் போனால் ஓட்டுபவரை மாற்றிக்கொள்ளலாம், ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரலாம். பைக்கில் ஹெல்மெட்டுக்குள் ஒவ்வொருவரும் தனி ஆள். பக்கத்தில் வருபவர் கண் சொருகுவது அடுத்தவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்குக் கிளம்புவதுதான் சரி. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம் வழியாக காரவள்ளி அடிவாரம் வரை 350 கி.மீ.க்கு மேல் வரும். டீ, டிபன், பெட்ரோல், "ஒரு போட்டோ எடுத்துக்கலாம்டா" எல்லாம் சேர்த்தால் குரூப்பின் சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டுவது கஷ்டம். கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்பி ரூம் செக்-இன் நேரத்தை முடிவு செய்யாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு அடிவாரம், வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏற்றம் என்று கணக்குப் போட்டால் போதும்.

காரணம், மேலே காத்திருப்பது 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல்முறை மலையில் ஓட்டுபவருக்கு அதை இருட்டில் பழக்கக் கூடாது.

யார் முன்னாடி, யார் பின்னாடி?

இதுதான் மொத்த பிளானின் மையம். வழி தெரிந்த, நிதானமாக ஓட்டும் ஒருவர் முன்னால் போக வேண்டும். இவரை 'லீட்' என்பார்கள். அனுபவம் உள்ள இன்னொருவர் கடைசியில் வர வேண்டும். இவர் 'ஸ்வீப்'. பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி எல்லாம் ஸ்வீப் வண்டியில்தான் இருக்க வேண்டும். முன்னால் போனவரிடம் இருந்தால், பிரேக்டவுன் ஆனவருக்காக அவர் யூ-டர்ன் போட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

குரூப்பில் ரொம்ப மெதுவாக ஓட்டுபவர் லீடுக்கு அடுத்த இரண்டாவது இடத்தில் வர வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர். 125 சிசி வண்டிக்காரரையும், புதிதாக ஓட்டுபவரையும் "நீ பின்னாடி மெதுவா வா மச்சான்" என்று விட்டுவிடுகிறோம். முன்னால் போகிறவர்கள் ஒரு லாரியை முந்தியிருப்பார்கள். அவர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். எல்லோரும் கண்ணில் இருந்து மறைந்ததும் அவருக்கு ஒரு பதற்றம் வரும் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. வழக்கமாக 60-ல் போகிறவர் 90-ல் விரட்டுவார், முந்தக் கூடாத இடத்தில் முந்துவார். அதே ஆள் இரண்டாவது இடத்தில் வந்தால், லீட் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடியே வேகத்தை அமைத்துக்கொள்ளலாம்.

விட்டுப்போய்விடுவோமோ என்ற பயத்தையே எடுத்துவிட ஒரு எளிய வழி இருக்கிறது. சாலை பிரியும் இடத்தில், உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரியும் வரை நீங்கள் அங்கிருந்து நகரக் கூடாது. எல்லோரும் இந்த ஒரே விதியைக் கடைப்பிடித்தால் யாரும் வழிமாறிப் போக மாட்டார்கள். போனில் சிக்னல் இல்லாத மலைப் பகுதியிலும் இது வேலை செய்யும்.

5 முதல் 7 வண்டிகள் வரை ஒரு குழு. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, இடைவெளி விட்டு அனுப்புவது நல்லது. நீளமான வரிசையைப் பார்த்தால் பஸ் டிரைவருக்கும் முந்துவதா வேண்டாமா என்ற குழப்பம்தான்.

நேர்ச்சாலையில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போகாமல், லீட் லேனின் வலப்பக்கம், அடுத்தவர் சற்றுப் பின்னால் இடப்பக்கம், மூன்றாமவர் மறுபடி வலப்பக்கம் என்று மாறி மாறிப் போக வேண்டும். உங்களுக்கு நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் குறைந்தது 2 விநாடி இடைவெளி வேண்டும். அவர் ஒரு மைல்கல்லைக் கடந்த பிறகு, நீங்கள் அதைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். வளைவு வந்தால் இந்த அமைப்பைக் கலைத்து ஒற்றை வரிசைக்கு வந்துவிடுங்கள். ஜோடியாகப் பேசிக்கொண்டே ஓட்டுவது எந்தச் சாலையிலும் வேண்டாம்.

வண்டியை மாத்தி ஓட்டிப் பார்க்கலாமா?

"உன் புல்லட்டைக் கொஞ்சம் குடுடா, இந்த வளைவு மட்டும்" என்று கேட்காத நண்பர் உண்டா? கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் ஒருமுறை யோசியுங்கள்.

பைக் இன்சூரன்ஸோடு வரும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். இது 'ஓனர்-டிரைவர்' என்று சொல்லப்படும் உரிமையாளருக்கானது. அவர் பெயரில் ஆர்.சி.யும், செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். வண்டியை வாங்கி ஓட்டிய நண்பர் தானாகப் போய் மோதிக்கொண்டால் அந்தப் பணம் அவருக்கு வராது.

பின்னால் உட்கார்ந்து வருபவரின் நிலைமை பலருக்குத் தெரியாது. வெறும் 'தேர்ட் பார்ட்டி' பாலிசி மட்டும் இருக்கும் டூவீலரில், ஓசியில் பின்னால் உட்கார்ந்து வருபவர் மூன்றாம் நபர் கணக்கில் வரமாட்டார் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு விபத்து நடந்தால், இழப்பீட்டை வண்டிக்காரரே தன் கையில் இருந்து கொடுக்க வேண்டிய நிலை வரலாம். நண்பரின் குடும்பமும் நீங்களும் எதிரெதிரே கோர்ட்டில் நிற்கும் நிலை அது. முழுமையான 'பேக்கேஜ்' பாலிசியில் பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆக, குரூப்பில் யாரிடம் எந்த பாலிசி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, யார் பின்னால் யார் உட்காருவது என்று முடிவு செய்யுங்கள்.

லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்தால் கதை வேறு. ஓட்டியவருக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், கொடுத்தவருக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டு பேருக்கும் 3 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதத்தோடு லைசென்ஸுக்கும் 3 மாதம் ஆபத்து.

வண்டியை வாடகைக்கு எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டி. வெள்ளை பிளேட் வண்டியை 'விலை கம்மி' என்று எடுத்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும்.

பெட்ரோல், டயர், டோல்

டேங்க் சின்னது என்று ஸ்பிளெண்டர்காரரைக் கிண்டல் செய்யாதீர்கள். 9.8 லிட்டர்தான் என்றாலும், மைலேஜ் கணக்கில் 13 லிட்டர் டேங்க் உள்ள கிளாசிக் 350-க்கு ஈடுகொடுக்கும். ஒவ்வொருவரும் முழு டேங்கில் எத்தனை கி.மீ. போவார்கள் என்று கேட்டு, குறைவாகப் போகும் வண்டியை வைத்து பெட்ரோல் நிறுத்தத்தை முடிவு செய்யுங்கள். ஒரு வண்டி நிரப்பினால் எல்லா வண்டியும் நிரப்பிவிட வேண்டும். அடிவாரத்தில் இது கட்டாயம்.

ஸ்போக் வீல் வண்டிகளில் பெரும்பாலும் டியூப் டயர்தான். அதற்கு டியூப்லெஸ் பஞ்சர் கிட் உதவாது, மாற்று டியூப் ஒன்று வைத்திருங்கள். செயின், பிரேக், டயர் எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முந்தின நாள் சர்வீஸ் விட்டால், ஏதாவது கோளாறு இருந்தாலும் நடுவழியில்தான் தெரியும்.

தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் டூவீலருக்குக் கட்டணம் கிடையாது. 2025 ஜூனில் கட்டணம் வரப்போகிறது என்று பரவிய தகவலை மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே மறுத்துவிட்டார்.

மலையில் என்ன கவனிக்கணும்?

குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் வழிவிட வேண்டும். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு உருட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. முழு பாரமும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போகும். எந்த கியரில் ஏறினீர்களோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள்.

வளைவில் நின்று செல்ஃபி வேண்டாம். குரங்குகளுக்குத் தீனி போடுவதும் வேண்டாம். ஆடி 18 சமயத்தில் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் குவியும், அமைதியான ரைடு வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். அந்தக் கால் வலியோடு அன்றே மலை இறங்கப் பார்க்காதீர்கள்.

கொல்லிமலைக்குப் பதில் ஊட்டி, கொடைக்கானல் என்று பிளான் மாறினால் இ-பாஸ் விஷயத்தை முதலில் பார்த்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் தொடங்கிய நடைமுறை இது. முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்களுக்கு இரவு 9 முதல் காலை 6 மணி வரை சாலை மூடியிருக்கும்.

ராத்திரி பார்ட்டி இருந்தால்?

ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல்முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் கூட விதிக்கலாம். நள்ளிரவு வரை குடித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் காலையில் எல்லாம் இறங்கியிருக்கும் என்று நினைப்பது தப்பு. அதனால் மறுநாள் மலை இறங்கும் திட்டம் இருந்தால் முந்தின இரவு பார்ட்டி வேண்டாம் என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் யாரும் கேட்கப் போவதில்லை.

ஏதாவது ஆகிவிட்டால்?

எல்லோருடைய ரத்த வகை, வீட்டு நம்பர், ஒவ்வாமை உள்ள மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, லீட், ஸ்வீப் இருவரிடமும் கொடுத்துவிடுங்கள். லாக் ஆன போனுக்குள் இருக்கும் தகவல் உதவாது. 108 ஆம்புலன்ஸ், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. அடிபட்டவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம், கழுத்தில் அடி இருக்கலாம். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். வெளிமாநில நண்பர் உடன் வந்திருந்தாலும் இது பொருந்தும்.

செலவுக்கு ஒருவரிடம் எல்லோரும் முன்கூட்டியே ஒரு தொகையை யு.பி.ஐ.யில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு டீக்கும் பில்லைப் பிரித்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

திரும்பும் நாளில் காலை மூடுபனி விலகியதும் இறங்கத் தொடங்கினால்தான் ஞாயிறு மாலை செங்கல்பட்டு, தாம்பரம் நெரிசலுக்கு முன் ஊருக்குள் வரலாம். தாம்பரம் தாண்டியதும் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்துவிடுவார்கள். ஆறு பேரும் 'வீட்டுக்கு வந்துட்டேன்' என்று குரூப்பில் போடும் வரை லீட் போனை ஆஃப் செய்யக் கூடாது.