அழைப்பாணை கடன்சீட்டான கதை

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், காவல் துறையின் அறிவிப்பொன்று அஞ்சலில் என் இல்லம் வந்து சேர்ந்தது. ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் செல்லும் சாலையில், மணிக்கு 90 கிலோமீட்டர் எல்லையுள்ள ஓரிடத்தில், என் வண்டி 112 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாக அதில் கண்டிருந்தது. நாளையும் நேரத்தையும் நோக்கியபோது நினைவு வந்தது. அன்று தலைமையாசிரியர் கூட்டமொன்றுக்குப் பிந்திவிட்டேன். கூட்டத்தில் பேசப்பட்ட பொருள் மாணவர் கட்டொழுங்கு.

ஆசிரியர் அறையில் இதனைச் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. எனக்கு நெருங்கிய ஆசிரியர் ஒருவர், “ஐயா, அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். ஆண்டு இறுதிக்குள் எப்படியும் கழிவு கொடுப்பார்கள்” என்றார். மற்றவர்கள் ஆமோதித்தனர். நான் 112 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எவ்வளவு கட்டுவது, எப்போது கட்டுவது என்பதே பேச்சாயிற்று. நானும் அறிவிப்பை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் இவ்வரலாற்றை எழுதத் தூண்டியது.

‘சம்மன்’ என்னும் சொல்லை மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் இந்நாட்டில் ஒன்றுபோலவே வழங்குகிறோம். ஆங்கிலத்தில் அதன் பொருள் அழைப்பு. நீதிமன்றத்தின் முன் வந்து நில் என்னும் ஆணை. தமிழில் அழைப்பாணை என்பது மிகப் பொருத்தமான பெயர். ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்கும் மலேசியர் எவரும் நீதிபதியை நினைப்பதில்லை. தண்ணீர்க் கட்டணத்தையும் மின் கட்டணத்தையும் நினைப்பது போலவே அதனையும் நினைக்கின்றனர்.

தொடக்கத்தில் இவ்வாறு இல்லை. 1865ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் சாலையில் ஓடும் இயந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என எல்லை வகுத்தது. வண்டிக்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்லவும் வேண்டியிருந்தது. 1896 ஜனவரியில், கெண்ட் மாவட்டத்துப் பேடக் உட் என்னும் ஊரில் வால்டர் ஆர்னல்ட் என்பவர் 8 மைல் வேகத்தில் வண்டி ஓட்டினார். உணவருந்திக்கொண்டிருந்த காவலர் எழுந்து, மிதிவண்டியில் ஐந்து மைல் துரத்திச் சென்று பிடித்தாராம். நீதிமன்றத்தில் நின்ற ஆர்னல்டுக்கு வேக மீறலுக்காக விதிக்கப்பட்ட தண்டம் ஒரு ஷில்லிங். உலகில் வேகத்திற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மோட்டார் ஓட்டுநர் இவரே எனப் பொதுவாகக் கூறுவர். அவர் மோட்டார் வண்டி விற்பவர் என்பதையும் மறக்கலாகாது. வேகத்திற்குக் கிடைத்த தண்டனையே வேகத்திற்கு விளம்பரமாகிய விந்தை அன்றே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே எல்லை 14 மைலாக உயர்ந்தது. 1903இல் 20 மைலாயிற்று. எவரும் மதிக்காத எல்லை எதற்கு என்று 1930இல் கார்களுக்கு அதனை அறவே எடுத்துவிட்டனர். சாவுகளைக் கண்ட பின்னர், 1935இல் ஊர்ப்பகுதிகளுக்கு 30 மைல் எல்லையை மீண்டும் கொணர்ந்தனர்.

இனி நம் ஜொகூரை நோக்குவோம். இங்கே வேகம் அரச மரியாதையோடு நுழைந்தது. நெடுங்காலம் ஆண்ட சுல்தான் இப்ராகிம் வேட்டையிலும் மோட்டார் வண்டிகளிலும் பெருவிருப்புடையவர். அவர் காலத்தில், 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், ஜொகூர்க் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் கார்களுக்கு மலாயாவின் நெடுஞ்சாலை அன்று திறந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஜொகூர் பாரு நகரின் பொதுச் சாலைகளிலேயே ஜொகூர் கிராண்ட் பிரீ பந்தயங்கள் நடந்தன. 1986இல் பாசிர் கூடாங்கில் தனிப் பந்தயத் திடல் எழுந்தது. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே அங்கு நடைபெற்றது.

அதே காலத்தில் நம்மவர் சாலையின் ஓரத்தில் இருந்தனர். ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய், கூலாய், ஆயர் ஈத்தாம் வழியாகச் செகாமட் நோக்கிச் செல்லும் முதலாம் கூட்டரசுச் சாலையின் இருமருங்கும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் அச்சாலையோரமாக நடந்தோ மிதிவண்டியிலோ பள்ளி சென்றனர். எங்களுக்கு வேகம் என்பது கடந்து செல்லும் காற்று. வெள்ளைச் சட்டையில் படியும் செம்மண் தூசு. பின்னர் மிதிவண்டி மோட்டார் சைக்கிளாயிற்று. மோட்டார் சைக்கிள் காராயிற்று. வேகமாகச் செல்வது முன்னேறிவிட்டோம் என்பதன் அடையாளமாகவும் ஆயிற்று. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்தப் பிள்ளைகளுள் ஒருவன்.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 1989 பிப்ரவரி முதல் நாடு முழுமைக்கும் வேக எல்லைகள் வகுக்கப்பட்டன: விரைவுச் சாலையில் 110 கிலோமீட்டர், கூட்டரசு, மாநிலச் சாலைகளில் 90, நகரில் 60. 1994இல் வடக்கு-தெற்கு விரைவுச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. வேக மீறலுக்கு நீதிமன்றம் 300 முதல் 2,000 வெள்ளி வரை தண்டம் விதிக்கலாம் எனச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இன்று கூறுகிறது. ஆயினும் நீதிமன்றம் போகாமலே தீர்த்துக்கொள்ள இணக்கத் தொகை என்னும் வழி உண்டு. அதன் மேல்வரம்பு 300 வெள்ளி. கோடிக்கணக்கான வண்டிகள் ஓடும் நாட்டில் ஒவ்வொருவரையும் நீதிபதிமுன் நிறுத்த இயலாது. ஆகவே இவ்வழி தேவையானதே. ஆனால் அழைப்பு மறைந்து தொகை மட்டும் எஞ்சியது இங்குதான்.

அடுத்து வந்தது ‘சாமான் ஏக்கோர்’. வால் சம்மன் என்று தமிழாக்கலாம். ஓட்டுநரை நிறுத்தாமல், கடந்து சென்ற வண்டியின் எண்ணைக் குறித்துப் பின்னர் அனுப்பும் அறிவிப்பு அது. காவலரின் முகத்தை ஓட்டுநர் பார்ப்பதில்லை. நாணம் முகத்தோடு முகம் நோக்கும்போது பிறப்பது; அஞ்சல் உறையில் அது வருவதில்லை. அறிவிப்புகள் கட்டப்படாமல் மலைபோல் குவிந்தன. குவிந்ததைக் கரைக்கக் கழிவு தரப்பட்டது. 2011ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 50 விழுக்காட்டுக் கழிவு பெற மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். 2012 செப்டம்பரில் தானியங்கிக் கேமராக்கள் வந்தன. தொடர்ந்து அரசியல் சச்சரவும் வந்தது. 2018இல் அக்கேமராக்களின் நிலுவைச் சம்மன்கள் ஏறத்தாழ 31 இலட்சம் நீக்கப்பட்டன. ஒழுங்காகக் கட்டியவர்கள் தம்மை ஏமாளிகளாகக் கருதிக்கொண்டனர். 2021 டிசம்பரில் கழிவு 80 விழுக்காட்டை எட்டியது. பொறுத்திருப்பவனே அறிவாளி என்று பத்தாண்டுக் காலம் நாட்டுக்குப் பாடம் நடத்தப்பட்டிருக்கிறது. பாடம் நடத்துவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது தெரிகிறது.

வேகம் மலேசியரின் இயல்பு, என்ன செய்வது என்பார் உளர். ஜொகூரில் வாழும் எவரும் இதனை ஏற்க இயலாது. விடியற்காலையில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞரின் மோட்டார் சைக்கிள்கள், அக்கரை சேர்ந்ததும் அடங்கி ஒடுங்கி ஓடுகின்றன. சிங்கப்பூரில் அடக்கமாக ஓட்டும் கார்க்காரர் சிலர், இக்கரை வந்து விரைவுச் சாலையில் ஏறியதும் வேறு மனிதராகின்றனர். 24 மாதத்திற்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டுரிமம் நிறுத்தப்படும் என்னும் முறை அங்கே உறுதியாக நடக்கிறது. ஒரே ஆள், ஒரே வண்டி. இடையில் ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம். இதில் இயல்பு எங்கே இருக்கிறது? கணக்குத்தான் இருக்கிறது.

தமிழாசிரியர்களுக்கு இவ்விடத்தில் திருவாரூர் நினைவுக்கு வரும். மனுநீதிச் சோழன் மகனின் தேர்க்காலில் கன்று மாண்ட வரலாற்றைச் சேக்கிழார் திருநகரச் சிறப்பில் விரித்துரைக்கிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் அதனைக் குறிக்கிறாள். இளவரசன் மிகு வேகத்தில் ஓட்டினான் என்று சேக்கிழார் சொல்லவில்லை. கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தில் பட்டது. நம் வகுப்பறைகளில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதியொன்று அக்கதையில் உண்டு. பசுவின் கன்றைக் கொன்றதற்கு நூல்கள் விதித்த கழுவாய் ஒன்று இருக்கிறது, அதனைச் செய்து முடித்துவிடலாம் என்று அமைச்சர்கள் எடுத்துரைக்கின்றனர். அதுவும் ஓர் இணக்கத் தொகைதான். அரசன் அதனை மறுக்கிறான். கழுவாய் தாய்ப்பசுவின் துயரைத் தீர்க்குமா என்பதே அவனுடைய கேள்வி. அங்கே அழைப்பாணையை அனுப்பியது அரசு அன்று. மணியை அடித்த பசு. மகனைத் தேர்க்காலில் இட்ட தீர்ப்பை இன்று எவரும் வேண்டார். ஆனால் அழைத்தது யார் என்பதை அவன் மறக்கவில்லை.

2016ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 7,152 பேர். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், நம் மாநிலத்துப் பாகோ அருகே, ஜொகூர் பாருவிலிருந்து சென்ற விரைவுப் பேருந்து கவிழ்ந்து 14 பேர் இறந்தனர். நாளிதழில் படித்தோம், வருந்தினோம், மறந்தோம்.

2025 ஜூன் 9ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்ததை என்னால் அவ்வாறு மறக்க இயலவில்லை. ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கி வந்த பேருந்து, கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. மாண்ட 15 பேரும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஆசிரியர்களை அனுப்பிவரும் நிறுவனம் அது. அந்த 15 பேருள் பலர் சில ஆண்டுகளில் ஏதோ ஒரு பள்ளியின் வகுப்பறையில் நின்றிருப்பர். அடுத்த நாள்களில் காவல் துறை ஒரு செய்தியை வெளியிட்டது. ஓட்டுநர் மீது முன்னரே 18 சம்மன்கள் இருந்தன. அவற்றுள் 13 வேக மீறலுக்கானவை.

பதின்மூன்று அழைப்புகள். நான் இழுப்பறையைத் திறந்து என்னுடைய ஓர் அழைப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அரசு பின்னர் சிலவற்றைச் செய்தது. 2025 அக்டோபர் முதல் பேருந்துகளுக்கும் கனரக வண்டிகளுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2026 ஜனவரி முதல் கழிவு முந்திக் கட்டுவோர்க்கே என விதி மாறியது: முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதி, காலம் கடந்தால் முழுத்தொகை. முறை தலைகீழானது நன்றே. நான் அதுவரை பொறுத்திருக்கவில்லை.

ஜூன் மாதம் மூன்றாம் வாரத்தில் காவல் நிலையம் சென்றேன். முகப்பிலிருந்த பெண்மணி அறிவிப்பைப் பார்த்துவிட்டு, “ஆசிரியரே, ஆண்டு இறுதியில் கழிவு வருமே, பொறுக்கலாமே” என்று மலாய்மொழியில் அன்போடு கூறினார். 150 வெள்ளியைக் கொடுத்து இரசீதைப் பெற்றுக்கொண்டேன். திரும்பும்போது அதே சாலையில் 85 கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன். பின்னால் வந்த லோரி இரண்டு மைல் தூரம் ஒலிப்பானை அடித்துக்கொண்டே வந்து, இரட்டைக் கோட்டைத் தாண்டி என்னை முந்திச் சென்றது.