மோரோ: எதிரி வைத்த பெயர்

எங்கட பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்றிருப்பது ஆங்கிலத்தில் 'மூர்' ஆகிவிடும். அது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் ஒருகாலம் ஆண்ட முஸ்லிம்களின் பெயரை, கடல் கடந்து கண்ட முஸ்லிம்களுக்கெல்லாம் சூட்டினார்கள். பிலிப்பைன்ஸில் அதே வேலையை ஸ்பானியர் செய்தனர். அங்கே அந்தப் பெயரின் கதை வேறு.

1571இல் லெகாஸ்பி மணிலாவைக் கைப்பற்றியபோது அதை ஆண்டவர்களில் ஒருவர் ராஜா சுலைமான். வடக்கு ஸ்பானியர் வசமானது. தெற்கில் மின்டனாவோவும் சூலுவும் அப்படி லேசில் விழவில்லை. 1637இல் ஆளுநர் கோர்குவேரா, மகிந்தனாவோ சுல்தான் குதராத்தின் லமித்தானைத் தாக்கிப் பிடித்தார். சுல்தான் தப்பிவிட்டார். 1645இல் அவரோடு ஸ்பானியரே உடன்படிக்கை செய்ய வேண்டி வந்தது.

களத்தில் முடியாததை மேடையில் முடித்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 'மோரோ-மோரோ' என்றொரு நாடக வகை ஊர்த் திருவிழாக்களில் ஆடப்பட்டது. அதில் கிறிஸ்தவ வீரன் வெல்வான், மோரோ தோற்பான். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மோரோ என்றால் வில்லன்தானே!

1898இல் ஸ்பெயின், தான் முழுதாக ஆண்டிராத தெற்கையும் சேர்த்து, 20 மில்லியன் டொலருக்கு நாட்டையே அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 1906 மார்ச்சில் ஜோலோ தீவின் புத் தாஜோ எரிமலை வாயில் ஒதுங்கியிருந்த மக்களை அமெரிக்கப் படை சுற்றி வளைத்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மார்க் ட்வைன் அதைக் கண்டித்து எழுதியது அவர் மறைந்த பின்னரே அச்சேறியது.

1968இல் கொரெகிடோர் தீவில், இராணுவமே இரகசியமாகப் பயிற்சியளித்த முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் கொதிப்பில் எழுந்த இயக்கத்துக்கு, பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த நூர் மிசுவாரி வைத்த பெயர் மோரோ தேசிய விடுதலை முன்னணி. ஏசுவதற்கு வைத்த சொல்லை ஏன் எடுத்தார்? தவ்சுக், மரனாவோ, மகிந்தனாவோ என்று பத்துக்கு மேற்பட்ட இனத்தவர், ஒவ்வொருவருக்கும் தனி மொழி. எல்லோரையும் ஒரே பேரில் கூப்பிட்டவன் எதிரி ஒருத்தன்தான். அதோடு மலாய்மொழிகளில் இனத்தைக் குறிக்கும் 'பங்சா'வைச் சேர்க்க, 'பங்சமோரோ' பிறந்தது.

2019இல் பங்சமோரோ தன்னாட்சிப் பிராந்தியம் அமைந்தது. ஆனால் மிசுவாரி பிறந்த சூலு மாகாணம் அந்த வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்றது. 2024 செப்டெம்பரில், சூலு அப்பிராந்தியத்தில் அடங்காது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புத் தாஜோ மலையும் சூலுவில்தான் இருக்கிறது.