ஆறு சிலிண்டரும் இருபது வளைவும்

ஒரு காலத்தில் சேலத்தில் பழைய மோட்டாரை விற்க வந்தவர் அதன் வர்ணத்தைப் பற்றிப் பேசமாட்டார். மெத்தையைத் தட்டிக் காட்டமாட்டார். "டாப் கியரிலே ஏற்காடு ஏறுற வண்டிங்க இது" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார். அதற்கு மேல் பேச வேண்டியது வாங்க வந்தவர் பாடு.

இந்த வாக்கியத்தில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று நான் சிறு வயதிலிருந்தே யோசித்ததுண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. நடுவிலுள்ள தூரமோ முப்பது கிலோமீட்டர்தான். அதிலும் முதற்பகுதி சமதரை. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த இடத்தைத் தாண்டி, அடிவாரத்தையும் கடந்த பிறகு, சாலை சேர்வராயன் மலையை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிக்கொண்டு நாலாயிரம் அடி ஏறிவிடுகிறது. வளைவுகளில் வண்டியின் வேகம் மனிதன் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் டாப் கியரில் இழுக்கிற பழைய மோட்டார் எதையும் நான் கண்டதில்லை. ஆகவே விற்பவர் சொன்னது பொய். ஆனால் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவேயுள்ள ஏற்றத்தை, கியரை மாற்றாமல், முனகாமல், உள்ளே ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு ஏறிய வண்டிகள் இருந்தன. அவை எல்லாம் ஆறு சிலிண்டர் வண்டிகள். நாலு சிலிண்டர் வண்டியை விற்றவருக்கு அந்தப் பொய்யைச் சொல்லும் தைரியம்கூட வராது.

ஆறுக்கும் நாலுக்கும் அப்படி என்ன பேதம்? மோட்டார்ச் சாலை வருவதற்கு முன் துரைசானிமாரை மலைமேல் டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். ஒருவன் தோள் கொடுத்து, அவன் அலுத்து விட்ட பிறகு அடுத்தவன் தோள் கொடுத்தால் டோலிக்குள் இருக்கிற அம்மாளின் கதி என்ன ஆகும்? முதல்வன் தோளை எடுப்பதற்கு முன்பே இரண்டாமவன் தோள் வந்து சேர்ந்துவிட வேண்டும். மோட்டாரிலும் இதே சங்கதிதான். நாலு சிலிண்டர் எஞ்சினில் அச்சு அரைச் சுற்றுச் சுற்றும்போது ஓர் உந்தல் கிடைக்கிறது. அந்த உந்தல் அடங்கி ஓய்ந்த பிறகே அடுத்தது வருகிறது. ஆறு சிலிண்டரில் மூன்றில் ஒரு சுற்றுக்கே ஓர் உந்தல். ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. அதோடு வரிசையாக நிற்கும் ஆறு பிஸ்டன்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து மேலும் கீழும் போவதால் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று அடித்துவிடுகிறது. நடுங்காத எஞ்சினை மெதுவாக ஓட்டலாம். மெதுவாக ஓடும்போதே இழுக்கிற எஞ்சினைக் கொண்டு மலை ஏறலாம். மேலே போகப் போகக் காற்று நீர்த்துப் போகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏற்காட்டில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 84 சதவிகிதம்தான். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூச்சும் குறைந்து, ரேடியேட்டரும் கொதிக்கும்போது, கையில் சக்தி மீதி வைத்திருக்கிற வண்டிக்கு ஆபத்தில்லை.

ஆறு சிலிண்டர் என்பது முதலில் சீமான்களின் சொத்தாகத்தான் இருந்தது. அதைச் சம்சாரியின் வீட்டுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஷெவ்ரோலே. 1929ல் அவர்கள் 'நாலின் விலைக்கு ஆறு' என்று பறைசாற்றிக்கொண்டு சுமார் 3,200 சி.சி. எஞ்சின் ஒன்றைச் சந்தைக்கு விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பாகங்களைப் பூட்டிக் கார் செய்யும் தொழிற்சாலையைத் திறந்திருந்தது. ஆகவே அமெரிக்காவின் சாமானிய வண்டி நம் நாட்டுக்கும் வெகு சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டது. 1933ல் பிளிமத்தும் ஆறுக்கு மாறியது.

இங்கிலாந்துக்காரர்களும் ஆறு சிலிண்டர் செய்தார்கள். செய்த லட்சணத்தைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே 1921 முதல் குதிரை சக்திக்கு ஒரு பவுன் என்று வரி. சக்தியை எப்படி அளந்தார்கள் தெரியுமா? சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் ஒரு சூத்திரத்தில் போட்டு! உயரத்தை யாரும் கேட்பதில்லை. அந்தச் சூத்திரப்படி 1929ஆம் ஆண்டு ஷெவ்ரோலேக்கு 26க்கு மேல் வருகிறது. வரிக்குப் பயந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஒட்டடைக் குச்சி போல் ஒடுங்கி நீண்ட சிலிண்டர்களாகச் செய்து தள்ளினார்கள். 1930ல் வந்த உல்ஸ்லி ஹார்னெட்டுக்கு ஆறு சிலிண்டர் உண்டு. மொத்தக் கொள்ளளவு 1,271 சி.சி.; வரிக்கணக்கில் 12 குதிரை. டோலிக்கு ஆறு ஆள் வேண்டும் என்றதற்கு ஆறு சின்னப் பையன்களைப் பிடித்து வந்தது போல! சமதரையில் அழகாக ஓடிய அந்தச் சின்ன ஆறுகள் மலைச் சாலைக்கு ஏற்றவையல்ல என்பது என் அபிப்பிராயம்.

சேர்வராயன் மலையில் காப்பிக்கு விதை போட்டவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தோட்டங்களின் சொந்தக்காரர்கள்தான் மேற்படி வண்டிகளை மலைக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் மோட்டார் என்பது அலங்காரமல்ல. டாக்டரைக் கூப்பிட வேண்டுமானால், பாங்கிப் பணம் கொண்டுவர வேண்டுமானால், லீவு முடிந்த பிள்ளைகளைப் பெட்டியோடு மான்ட்போர்ட் பள்ளியில் விட வேண்டுமானால் வண்டி புறப்பட்டாக வேண்டும். வழியில் நின்றால் கேட்க நாதியில்லை. அதனால் தோட்டத்து வண்டி என்றாலே காலத்தில் ஆயில் மாற்றி, காலத்தில் பிரேக் பார்த்த வண்டி என்று சேலத்தில் ஒரு பெயர் இருந்தது. யுத்தக் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பின்புறம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு மோட்டார்கள் திரிந்த நாட்களைக்கூட அவற்றில் சில தாண்டி வந்தன.

இந்த வண்டிகள் எப்படி மலிவாயின என்பது சுவாரசியமான சரித்திரம். 1947ல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளிமத், டி சோட்டோ வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. 1949ல் முழுசாகச் செய்த கார்களை இறக்குமதி செய்வதற்குத் தடை வந்தது. 1953ல் தாரிப் கமிஷனின் யோசனைப்படி, பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்கிற திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று சர்க்கார் தீர்மானித்தது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியவர்கள் பெட்ரோலைச் சிக்கனம் செய்யும் சிறு வண்டிகளையே செய்தார்கள். அம்பாசடரின் நாலு சிலிண்டர் 1,489 சி.சி. அதை வாங்கப் பணம் கட்டினவரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்படி இருக்கையில் பெரிய வண்டிக்குத்தானே கிராக்கி ஏற வேண்டும்? ஏறவில்லை. பணக்காரருக்குப் பழையது பிடிக்கவில்லை. சம்சாரிக்குப் பெட்ரோல் பயம். நடுவே, சுதந்திரத்துக்குப் பின் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கப்பலேறுகிறவர் காரை என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்பார்.

இது ஏதோ அந்தக் காலத்துச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோண்டா அக்கார்டும் ஸ்கோடா சூப்பர்பும் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு நம் ஊரில் விற்கப்பட்டன. புதிதாக வாங்கினவர் பெரும் பணக்காரர். சில வருஷம் கழித்து அதே வண்டி புதுச் சின்னக் கார் ஒன்றின் விலைக்கும் கீழே வந்து நின்றது. காரணம் வண்டியிலுள்ள குறை அல்ல; பெட்ரோல் பங்க்கில் மீட்டர் ஓடுகிற ஓட்டம்தான்.

என் பெரியப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் நூல் வியாபாரம். வீட்டில் பதினொரு உருப்படிகள். 1963ல் ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, அவருடைய 1948ஆம் வருஷத்துப் பிளிமத்தை 3,200 ரூபாய்க்குப் பெரியப்பா பேசினார். பெரியம்மாவின் இரண்டு ஜோடி வளையல் அடகுக்கடைக்குப் போய்த்தான் அந்தத் தொகை பூர்த்தியாயிற்று. ஆகவே வண்டி சரியில்லை என்றால் பெரியப்பா சாலையில் நிற்பார் என்பது மட்டுமல்ல, வீட்டிலும் நிற்க முடியாது.

அவர் ஒரு மேஸ்திரியை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். மேஸ்திரி பானெட்டைத் திறக்கவில்லை. கீழே குனிந்து சக்கரங்களின் உட்புறத்தைப் பார்த்தார். தரை விரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று விரலால் சுரண்டினார். முன் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி ஆட்டிப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, எஞ்சினைப் பார்க்கலையா?"

"எஞ்சின் எங்கீங்க முதலாளி ஓடப் போகுது? மலை வண்டிக்கு முன் சக்கரம்தான் முதல்லே தேயும். இருபது வளைவு ஒடிக்கணுமே. இதிலே ஆட்டம் இல்லீங்க. பிரேக் டிரம்மும் கருகலே. இறங்கும்போது ரெண்டாவது கியர்லே இறக்கியிருக்காங்க. அப்படி ஓட்டினவங்க எஞ்சினையும் நல்லாத்தான் வெச்சிருப்பாங்க."

எஞ்சினையும் பிறகு பார்த்தார். காலையிலிருந்து தொடாமல் குளிர்ந்திருந்ததைக் கிளப்பச் சொன்னார். சூடான எஞ்சினைக் கிளப்பிக் காட்டுகிறவரை நம்பக்கூடாது என்பது அவர் சித்தாந்தம். பழைய ஷெவ்ரோலேயை விடப் பிளிமத் அவருக்குப் பிடிக்கும். ஷெவ்ரோலேயில் 1950களின் தொடக்கம் வரையில் கனெக்டிங் ராடின் அடியிலிருந்த கரண்டி எண்ணெயை மொண்டு தெளித்துக்கொண்டிருந்தது. பிளிமத்திலோ பம்ப்பு அழுத்தி ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெய் அனுப்பும். "இது ஊட்டி விடுறது, அது வாரி இறைக்கிறது" என்றார்.

சாவியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. தோட்டத்து டிரைவர் பதினைந்து வருஷமாக எழுதியது. எந்தத் தேதியில் ஆயில், எத்தனாவது மைலில் பிளக், எப்போது கிளட்ச் என்று ஒன்று விடாமல். பெரியப்பா வியாபாரி, கணக்குப் புத்தகத்தின் அருமை தெரிந்தவர். வண்டியைவிட அதைத்தான் பத்திரமாக வைத்துக்கொண்டார் என்பேன்.

முன்னும் பின்னும் பெஞ்சு போல் நீண்ட ஆசனங்கள். கியர்க் கம்பி ஸ்டீரிங்கின் அடியில் இருந்ததால் முன்னாலும் மூவர் தாராளமாக உட்காரலாம். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கட்டுச்சாதம், தண்ணீர்க் கூஜா, குழந்தைகள் சகிதம் போவோம். 3,500 சி.சி.க்கு மேலான எஞ்சின், 95 குதிரை சக்தி. ஆனால் அதன் பெருமை வேகத்தில் இல்லை. பின்னால் பெரியம்மாவும் என் தாயாரும் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே மலை ஏறினார்கள், அவ்வளவுதான். வழியில் சிறு வண்டிகள் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நிற்கும். பெரியப்பா அவர்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார். மாதக் கடைசியில் பெட்ரோல் கணக்குப் பார்க்கும்போது அவர்கள் இவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். மலையில் காலனுக்குப் பத்து மைல் கொடுத்தால் அதிர்ஷ்டம்.

வண்டியை விற்ற தோட்டக்காரர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் போட்டார். அங்கே தாம் வாங்கியிருக்கும் ஹோல்டனும் ஆறு சிலிண்டர்தான் என்று எழுதியிருந்தார். 1948ல் அந்த நாடு தன் சொந்தக் குடும்ப வண்டியைச் செய்யத் தீர்மானித்தபோது முதலிலேயே ஆறு போட்டது. போர்டு பால்கன் 2016ல் நின்றுபோகிற வரையில் அங்கே ஆறு சிலிண்டர் சம்சாரி வண்டியாகவே இருந்தது. தூரம் நமக்கும் உண்டு, மலையும் உண்டு. பெட்ரோல் வாங்கும் காசுதான் இல்லை.

1973ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தகராறு வந்தது. பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறியது. ஊர் முழுவதும் பெரிய வண்டிகளின் எஞ்சினை இறக்கிவிட்டு, சென்னை சிம்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் போன்ற டீசல் எஞ்சின்களை ஏற்றினார்கள். வாடகைக்கு ஓட அதுதான் வழி. ஓசையும் நடுக்கமும் டாக்சியில் ஏறுகிறவரின் தலையெழுத்து. கழற்றிய ஆறு சிலிண்டர்கள் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுப் போயின. இன்று பழைய கார் சேகரிக்கிறவர்கள் அசல் எஞ்சினைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்களே, அதற்குக் காரணம் அந்தச் சில வருஷங்கள்தாம்.

பெரியப்பாவும் 1974ல் விற்றார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாங்கினவர் ஒரு டாக்சிக்காரர். டீசல் எஞ்சினை முன்பே பேசி வைத்துவிட்டதாகச் சந்தோஷத்தோடு சொன்னார். பெரியப்பா நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். "இது எதுக்குங்க? அந்த எஞ்சினைத்தான் எடுத்துடப் போறோமே" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. முன் பாதி டிரைவரின் இங்கிலீஷ் கிறுக்கல். பின் பாதி பெரியப்பாவின் முத்து முத்தான கணக்கெழுத்து. கடைசி வரி, வண்டியை ஒப்படைத்ததற்கு முதல் நாள் எழுதியது: "28-9-74. ஆயில் மாற்றியது, 5 லிட்டர்."